சூடு கேட்கும் ஐஸ் பெட்டி

வெளியே மைனஸ் 25 டிகிரி. விடுகிற மூச்சு மீசையிலேயே பனியாக உறைகிறது. இரவு முழுக்க நின்ற இடத்தில் டயர்கள் தட்டையாகிப் போய், காலையில் வண்டியை எடுத்ததும் கொஞ்ச தூரத்துக்குத் 'தடக் தடக்' என்று அடித்துக்கொண்டு ஓடுகின்றன. அப்படிப்பட்ட ஊரில், பன்னிரண்டு மணி நேர வேலையை முடித்துவிட்டுத் தன் டிரெய்லர் வீட்டுக்குள் நுழைகிற ஒருவர் ஃப்ரிட்ஜின் மேல் கதவைத் திறக்கிறார். ஃப்ரீசரில் கல்லாக இருக்க வேண்டிய இறைச்சி உருகிச் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஐஸ் தட்டில் வெறும் தண்ணீர்.

ஊரே ஃப்ரீசராகக் கிடக்கும்போது ஃப்ரீசர் மட்டும் எப்படி உருகும்? யாரோ கதை விடுகிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் ஆர்.வி. என்று அமெரிக்கர்கள் சொல்கிற வீட்டு வண்டிகளில் குளிர்காலத்தைக் கழித்தவர்களைக் கேட்டால், "இதென்ன புதுசா?" என்பார்கள். வெளியே குளிர் கூடக் கூட வேலை செய்ய மறுக்கிற பெட்டி அது. மறுபடி ஓட வைக்க வேண்டுமானால் அதற்குச் சூடு காட்ட வேண்டும். கேட்கக் கிறுக்குத்தனமாக இருந்தாலும் இதற்குள் இருப்பது சுத்தமான விஞ்ஞானம். அதோடு கொஞ்சம் வரவு செலவுக் கணக்கும் இருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடலாம். வில்லிஸ்டன் என்பது அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்கு அருகில் இருக்கும் சின்ன ஊர். ஜனவரி இரவுகளில் மைனஸ் 20-க்குக் கீழே போவது அங்கே சர்வசாதாரணம். அதன் அடியில் பேக்கன் என்கிற பாறை அடுக்கு இருக்கிறது. அந்தப் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் நுட்பம் கைகூடியதும் ஊரின் தலையெழுத்தே மாறிவிட்டது. 2012-ல் எண்ணெய் உற்பத்தியில் அலாஸ்காவை முந்திக்கொண்டு, டெக்ஸாஸுக்கு அடுத்த மாநிலமாக வடக்கு டகோட்டா வந்து நின்றது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வில்லிஸ்டனில் இருந்தவர்கள் 14,716 பேர். 2020-ல் 29,160 பேர். இடையில் வந்து, உழைத்து, திரும்பிப் போனவர்கள் இந்த இரண்டு எண்ணிலும் அடங்க மாட்டார்கள்.

2008 பொருளாதார வீழ்ச்சியில் மற்ற மாநிலங்களில் வேலையையும் வீட்டையும் இழந்தவர்கள் இங்கே வந்து குவிந்தார்கள். வேலை கிடைத்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. 2014-ல் வெளியான ஒரு வாடகை ஒப்பீட்டில் இந்தச் சின்ன ஊரின் ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகை நியூயார்க்கையே மிஞ்சியிருந்தது. ஒரு லூத்தரன் சர்ச் தன் வளாகத்தில் வேலை தேடி வந்தவர்களைத் தூங்க விட்டது. அதனால் ஊருக்குள் எழுந்த சச்சரவைப் பற்றி 'தி ஓவர்நைட்டர்ஸ்' என்று ஓர் ஆவணப்படமே 2014-ல் வந்தது. மிச்சப் பேர் ஆர்.வி.யை இழுத்துக்கொண்டு வந்து, கிடைத்த இடத்தில் நிறுத்திக் குடியிருந்தார்கள்.

ஆர்.வி. என்பது கோடை விடுமுறைக்குச் செய்த பொருள். மெல்லிய சுவர், சின்ன கேஸ் ஹீட்டர், தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாய். மைனஸ் 25-ல் ஆறு மாதம் குடியிருக்க அதை யாரும் வடிவமைக்கவில்லை. அதனால் வண்டியின் அடிப்பக்கத்தைச் சுற்றிலும் ஃபோம் அட்டையோ வைக்கோல் கட்டோ அடுக்கி, குழாய்க்கு மின்சார வெப்ப நாடா சுற்றி, ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, எப்படியோ சமாளித்தார்கள். தண்ணீர்க் குழாய் உறையும் என்று எல்லோருக்கும் தெரியும். ஃப்ரிட்ஜ் நின்றுவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

நம் கதாநாயகரை 2013 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த ஒரு வெல்டர் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அந்தக் குளிர்காலங்களில் அங்கே இருந்த பலரைச் சேர்த்துச் செய்த ஓர் ஆள்தான் இவர். குடும்பம் வேறு மாநிலத்தில் இருக்கிறது. மாதாமாதம் பணம் அனுப்புகிறார். செலவைக் குறைக்கக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஹீட்டரை 6 டிகிரிக்கு இறக்கி வைத்துவிட்டுப் போவார். குழாய் உறையாமல் இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. இன்னொரு விஷயம், அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில், பாலுக்கும் முட்டைக்கும் பக்கத்தில், மூன்று மாதத்துக்கான இன்சுலின் குப்பிகள் இருக்கின்றன.

இப்போது எல்லோருக்கும் வருகிற கேள்வி அவருக்கும் வருகிறது. வெளியே இவ்வளவு குளிர் சும்மா கிடக்கிறதே, ஃப்ரிட்ஜ் எதற்கு? எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வாசலில் வைத்துவிட்டால் போகிறது!

இறைச்சிக்கு இது சரிதான். நாயும் நரியும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டால் மைனஸ் 25-ல் இறைச்சிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் முட்டை வெளியே வைத்தால் உறைந்து ஓடு வெடிக்கும். பால் உறைந்து உருகினால் திரிதிரியாகப் பிரியும். இன்சுலின்? திறக்காத குப்பியை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் அது பயன்படாது, உருக வைத்துப் போட்டுக்கொள்ளவும் கூடாது. கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரிந்தாலாவது பரவாயில்லை. தெளிவாக, புதிது போலவே இருந்துகொண்டு வேலை மட்டும் செய்யாமல் போகலாம். உடம்பில் சர்க்கரை ஏறின பிறகுதான் தெரியும். அமெரிக்காவில் 2023-ல் பெரிய தயாரிப்பாளர்கள் விலைக்குறைப்பை அறிவிப்பதற்கு முன்பு, காப்பீடு இல்லாதவருக்கு ஒரு குப்பி நூறு டாலருக்கு மேல். மூன்று மாதக் கையிருப்பு போனால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஃப்ரிட்ஜ் என்பது குளிர வைக்கும் பெட்டி என்று நாம் நினைப்பதில் பாதி உண்மைதான் இருக்கிறது. ஒரு பொருளை 2-க்கும் 8-க்கும் நடுவில் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. நம்மூர் வெயிலில் அது மேலிருந்து கீழே இறக்கிப் பிடிக்கிறது. வில்லிஸ்டன் குளிரில் கீழே விழாமல் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு அது தயாராக இல்லை என்பதுதான் சிக்கல்.

ஏன் தயாராக இல்லை? அதற்கு இந்தப் பெட்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

வீட்டு ஃப்ரிட்ஜில் 'விர்ர்' என்று சத்தம் போடும் கம்ப்ரஸர் இருக்கும். அந்தக் கால ஆர்.வி.களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. அதில் இருப்பது உறிஞ்சு முறை ஃப்ரிட்ஜ். மோட்டார் இல்லை, வால்வு இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. பின்னால் ஒரு சின்னத் தீ எரியும், முன்னால் ஐஸ் உறையும்! இதைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பொறியியல் மாணவர்கள்: பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ். 1922-ல் மாணவர்களாக இருந்தபோதே இதைச் செய்து முடித்தார்கள். இருவருக்கும் அப்போது வயது 25-ஐ ஒட்டித்தான். 1925-ல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நூறு வருடம் கழித்தும் அடிப்படை அப்படியே இருக்கிறது.

உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள்: அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். எல்லாம் மூடி அடைத்த இரும்புக் குழாய்க்குள். அடியில் தண்ணீரும் அம்மோனியாவும் கலந்த கரைசல் இருக்கிறது. அதற்குக் கீழே கேஸ் தீ, அல்லது மின்சாரக் கம்பிச்சுருள். சூடேறினதும் கஞ்சி கொதிக்கும்போது குமிழி தள்ளிக்கொண்டு மேலேறுவது போலக் கரைசல் மேலே ஏறுகிறது. வழியில் தண்ணீர் பிரிந்து கீழே வந்துவிட, அம்மோனியா ஆவி மட்டும் உச்சிக்குப் போய், அங்கே குளிர்ந்து திரவமாகிறது. அந்தத் திரவம் ஃப்ரீசருக்குள் இருக்கும் குழாயில் இறங்குகிறது. அந்தக் குழாயில் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது.

இனிமேல் நடப்பது நம் வீட்டு மண்பானையில் நடப்பதுதான். பானைத் தண்ணீர் கொதிக்காமலேயே காய்ந்த காற்றில் ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. இங்கே தண்ணீருக்குப் பதில் அம்மோனியா, காய்ந்த காற்றுக்குப் பதில் ஹைட்ரஜன். அம்மோனியா ஆவியாகி ஃப்ரீசரின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அந்தக் கலவை கீழே இறங்கி, பிரிந்து வந்த தண்ணீரைச் சந்திக்கிறது. தண்ணீர் அம்மோனியாவை மறுபடி விழுங்கிக்கொள்ள, ஹைட்ரஜன் மட்டும் மேலே திரும்பிவிடுகிறது. சுற்று முடிந்தது. எல்லாமே புவியீர்ப்பில் தானாக ஓடுவதால் வண்டி சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

அழகான அமைப்புதான். ஆனால் குளிர் வந்தால் இது இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது.

முதல் அடி உள்ளே இருந்து. பெட்டிக்குள் இரண்டு அறை, ஆனால் வெப்பத்தை அளக்கும் கருவி ஒன்றுதான். அது கீழே, பால் வைக்கும் அறையில் இருக்கிறது. ஃப்ரீசருக்குத் தனியாக எதுவும் இல்லை. கீழறை சூடானால் தீ எரியும், அந்தச் சாக்கில் ஃப்ரீசரும் உறையும். கோடையில் இந்த ஏற்பாட்டில் குறையே தெரியாது. நம் வெல்டர் என்ன செய்தார்? வீட்டையே 6 டிகிரிக்கு இறக்கிவிட்டுப் போனார். வீடே 6 டிகிரி என்றால் பால் அறை சூடாக வழியே இல்லை. கருவி எட்டிப் பார்த்தது, "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று தீயை அணைத்துவிட்டது. நாள் முழுக்கத் தீ எரியவில்லை. ஃப்ரீசர் மெதுமெதுவாக வீட்டின் 6 டிகிரியை நோக்கி ஏறியது. இறைச்சி உருகியது. பெட்டி பழுதாகவில்லை, சொன்னதைச் சரியாகச் செய்தது. அமெரிக்காவில் கராஜில் வைத்த சாதாரண ஃப்ரிட்ஜிலும் குளிர்காலத்தில் இதே கூத்து நடக்கும்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. உருகின ஃப்ரீசரைப் பார்த்ததும் எவருக்கும் கை தானாக எங்கே போகும்? குமிழைத் திருகி 'அதிகக் குளிர்' என்பதில் வைக்கத் தோன்றும். வைத்தால் தீ எரியும், ஃப்ரீசர் உறையும். ஆனால் ஏற்கெனவே 6 டிகிரியில் இருந்த கீழறை பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பின்சுவரில் இருக்கும் அலுமினியத் தகடுகளை ஒட்டி வைத்த பொருள் உறைந்தே போகும். அந்த இடத்தில் இன்சுலின் குப்பி இருந்தால்? பத்து டாலர் இறைச்சியைக் காப்பாற்றப் போய் உயிர் மருந்தை இழந்த கதையாகிவிடும்.

இரண்டாவது அடி பின்னால் இருந்து. பெட்டியின் முதுகுப்புறம் வீட்டுக்குள் இல்லை. வண்டியின் வெளிச்சுவரில் கீழே ஒரு வென்ட், மேலே ஒரு வென்ட் வைத்து, வெளிக்காற்று பட்டுக்கொண்டே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். கோடையில் அந்தச் சூட்டை வெளியேற்ற அது தேவை. குளிர்காலத்தில் மைனஸ் 25 டிகிரிக் காற்று நேராகக் குழாய்களில் மோதுகிறது. அடியைச் சுற்றி அடுக்கிய வைக்கோல் கட்டு இதற்கு உதவாது, ஏனென்றால் வென்ட் அதற்கு மேலே இருக்கிறது.

"அம்மோனியா உறைந்துவிடுகிறது" என்று பலர் இதற்கு விளக்கம் சொல்வார்கள். தூய அம்மோனியா மைனஸ் 77 டிகிரி வரை உறையாது, அதனால் பழி அதன் மேல் இல்லை. சிக்கல் அதன் கூட்டாளியான தண்ணீரிடம் இருக்கிறது. கரைசலில் அம்மோனியா நிறைய இருக்கும்வரை கடும் குளிரையும் தாங்கும். அம்மோனியா குறையக் குறைய உறைநிலை பூஜ்யத்தை நோக்கி ஏறும். அம்மோனியாவை இழந்து நீர்த்துப்போன கரைசல் ஓடும் குழாய்ச்சுருள் சரியாகக் கீழ் வென்ட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. போதாததற்கு, மேலே ஏற வேண்டிய ஆவி பாதி வழியிலேயே குளிர்ந்து போனால் சுற்றே தளர்ந்துவிடும். அதனால்தான் வெளியே 8 அல்லது 10 டிகிரிக்குக் கீழே போனாலே வென்ட்டுக்குக் குளிர்கால மூடி போடுங்கள் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

இவை போதாதென்று சின்னச் சின்னக் காரணங்களும் உண்டு. மின்சாரத்தில் ஓட்டினால், பக்கத்து வண்டிகள் எல்லாம் மின்சார ஹீட்டர் போட்டிருக்கும்போது வோல்டேஜ் இறங்கும். 120 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 100 வோல்ட் வந்தால் கம்பிச்சுருளின் சூடு பதினேழு சதவீதம் குறையாது. வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். சரி, கேஸில் ஓட்டலாம் என்றால் புரொபேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கிற பொருள். மைனஸ் 30-க்கு வந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் மிகவும் குறைந்துவிடும். வேகமாகக் கேஸை இழுத்தால் சிலிண்டர் தன்னைத்தானே இன்னும் குளிர வைத்துக்கொள்ளும். நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது பியூட்டேன் கலந்த கேஸ். பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே கொதிப்பை நிறுத்திவிடும் என்பதால் அந்தச் சிலிண்டர் அங்கே பாதி வேலைகூடச் செய்யாது. கேஸில் ஓடினாலும் கட்டுப்பாட்டு அட்டைக்கு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். பேட்டரியும் குளிரில் சக்தி இழக்கும். தீர்ந்துபோன ஈய-அமில பேட்டரி மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து வெடிக்கும். எண்ணெய் முந்துதோ திரி முந்துதோ என்கிற நிலைமைதான்.

சரி, வைத்தியம் என்ன?

பின்பக்கத்துக்கு முதல் வைத்தியம் வென்ட்டைப் பாதி மூடுவது. கவனிக்கவும், பாதி! இடுக்குகளில் சிலவற்றை உள்பக்கமாக ஃபோம் அட்டையோ டேப்போ வைத்து அடைக்கலாம். தயாரிப்பாளர் விற்கும் மூடி கிடைத்தால் இன்னும் நல்லது. குளிருக்குப் பயந்து முழுக்க அடைத்தால் தீக்குக் காற்று கிடைக்காது, புகையும் வெளியே போகாது. அது கார்பன் மோனாக்சைடாக வீட்டுக்குள் வந்தால் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மேல் வென்ட் கூரையில் இருந்தால் அதன் மேல் பனி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடித்துக் கத்துகிற அலாரம் வேலை செய்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது, பின்புறக் கூட்டுக்குள் ஒரு 60 வாட் பல்பைத் தொங்க விடுவது. வெளிச்சத்துக்கு இல்லை, சூட்டுக்காக. ஆர்.வி. வாசிகளிடம் பரவலாக இருந்த கைவைத்தியம் இது. சுமார் 2 டிகிரிக்கு இறங்கும்போது தானே எரிந்து, 7 டிகிரிக்கு ஏறும்போது தானே அணைகிற பிளக்குகள் கடையில் கிடைக்கும், அதில் செருகிவிட்டால் நாள் முழுக்க எரியாது. ஆனால் கேஸ் பர்னருக்கும் ஒயர்களுக்கும் ஃபோமுக்கும் தள்ளி, ஆடாமல் கட்ட வேண்டும். கேஸ் கசிகிற வாடை இருந்தால் இந்தப் பேச்சே கூடாது. இதற்கென்றே செய்த குளிர்கால ஹீட்டர் செட்டுகளும் உண்டு, அவைதான் பாதுகாப்பு.

உள்பக்கத்துக்கு வைத்தியம் இன்னும் வேடிக்கையானது. வீட்டின் வெப்பத்தை 6-லிருந்து 13, 14 டிகிரிக்கு ஏற்றினாலே போதும். கீழறை கொஞ்சம் சூடாகும், கருவி தீயைக் கேட்கும், ஃப்ரீசர் உறையும். அது முடியாவிட்டால், கீழறைக்குள்ளேயே மிகச் சின்னதாக ஒரு சூட்டைக் கொடுக்கிறார்கள். கராஜ் ஃப்ரிட்ஜ்களுக்குச் சில நிறுவனங்கள் இதற்காகவே குட்டி ஹீட்டர் விற்கின்றன. ஃப்ரீசரில் ஐஸ் உறைய வேண்டும் என்பதற்காக ஃப்ரிட்ஜுக்குள் ஹீட்டர் வைக்கிறார்கள்!

இனி செலவுக் கணக்கு. 60 வாட் பல்பு 24 மணி நேரம் எரிந்தால் 1.44 யூனிட். யூனிட் 12 சென்ட் என்றால் ஒரு நாளைக்கு 17 சென்ட். ஃப்ரிட்ஜின் தீ முழு வேகத்தில் எரிந்தாலும் மணிக்குச் சுமார் 1,500 பி.டி.யு. வெப்பம்தான் எடுக்கும். 9 கிலோ புரொபேன் சிலிண்டரில் கிட்டத்தட்ட 4,30,000 பி.டி.யு. இருக்கிறது. அதாவது ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடினால் ஒரு சிலிண்டர் 12 நாள் வரும். வீட்டு ஹீட்டரோ மணிக்கு 30,000 பி.டி.யு. விழுங்குகிறது. அது நிற்காமல் எரிந்தால் அதே சிலிண்டர் 14 மணி நேரத்தில் காலி.

வெல்டர் ஹீட்டரைக் குறைத்ததில் தப்பில்லை என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் தெரியும். செலவு முழுக்க ஹீட்டரில்தான் போகிறது, மிச்சம் பிடிக்க நினைப்பவர் அங்கேதான் கை வைப்பார். ஆனால் ஒரு செலவைக் குறைக்கும்போது அது எங்கே போய் இன்னொரு செலவாக முளைக்கிறது என்று பார்க்காமல் விட்டார். வீட்டுச் சூடு வேறு, ஃப்ரிட்ஜ் குளிர் வேறு என்று நினைத்தார். இரண்டும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள். பகல் முழுக்க ஹீட்டரைச் சில டிகிரி ஏற்றி வைப்பதைவிட 17 சென்ட் பல்பும் உள்ளே ஒரு குட்டி ஹீட்டரும் மிகவும் மலிவு. அதையும் அவர் அன்றைக்குத்தான் கண்டுகொண்டார்.

இன்சுலின் விஷயத்தில் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. பயன்பாட்டில் இருக்கும் குப்பி பெரும்பாலும் அறை வெப்பத்திலேயே 28 நாள் வரை தாங்கும். எந்த மருந்துக்கு எத்தனை நாள் என்று அதன் உறையிலேயே போட்டிருக்கும். ஆகவே அதை ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம், வெளியே போகும்போது கோட்டின் உள்பையில் உடம்புச் சூட்டை ஒட்டி வைத்துக்கொண்டால் உறையாது. ஃப்ரிட்ஜை நம்ப வேண்டியது கையிருப்புக்கு மட்டும்தான். அதையும் பின்சுவரில் படாமல், கதவுப் பக்கம், துணி சுற்றிய ஒரு டப்பாவுக்குள் வைத்துவிட்டால் சட்டென்று ஏறுவதும் இறங்குவதும் குறையும்.

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2014 கடைசியில் எண்ணெய் விலை விழுந்ததும் வில்லிஸ்டன் நெரிசல் குறைந்தது. 2023 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவில் சாதாரண இழை பல்புகளின் விற்பனை ஏறக்குறைய நின்றுவிட்டது. எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் வரும், கூட்டைச் சூடாக்கும் அளவுக்குச் சூடு வராது. பழைய வைத்தியத்தை அப்படியே செய்தால் பலன் இல்லை. புதிய ஆர்.வி.களில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ்கள் பெருகிவிட்டன. பின்னால் தீயும் இல்லை, வென்ட் தொல்லையும் இல்லை. ஆனால் அவை முழுக்க பேட்டரியை நம்பியவை. லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும், அதனால் அந்த பேட்டரிக்குள் ஒரு ஹீட்டர் வைத்து விற்கிறார்கள். சூடு கேட்பது ஃப்ரிட்ஜிலிருந்து பேட்டரிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்!

இத்தனை வைத்தியத்திலும் முதலில் வாங்க வேண்டியது எது என்றால், ஒரு தெர்மாமீட்டர். விலை கொஞ்சம்தான். ஒரு முனை ஃப்ரீசரில், இன்னொரு முனை இன்சுலின் டப்பாவுக்குப் பக்கத்தில். குமிழில் போட்டிருக்கும் 1, 2, 3 என்கிற எண்கள் டிகிரி இல்லை, அவற்றை நம்பி எதையும் திருகக் கூடாது. வெல்டர் செய்த முதல் தவறு ஹீட்டரைக் குறைத்தது என்றால், இரண்டாவது தவறு குமிழைத் திருகப் போனது. அந்த நேரத்தில் கை நின்றதற்குக் காரணம், கீழறையில் கைவிட்டுப் பார்த்தபோது பால் டப்பா சரியான குளிரில்தான் இருந்தது. மேலே உருகுகிறது, கீழே சரியாக இருக்கிறது என்றால் குறை வேறு எங்கோ இருக்கிறது என்று யோசித்தார். அந்த ஒரு நிமிட யோசனைதான் குப்பிகளைக் காப்பாற்றியது.

மறுநாள் வென்ட்டைப் பாதி அடைத்து, பின்னால் பல்பைக் கட்டி, கீழறைக்குள் குட்டி ஹீட்டரை வைத்து, தெர்மாமீட்டரைக் கதவில் மாட்டினார். இறைச்சியைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. குப்பிகள் தப்பின. அதன் பிறகு தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் மூன்று எண்களை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டி வைத்தார். ஒரு வாரம் கழித்து அந்தத் தாளில் இருந்த கடைசி வரி: வெளியே மைனஸ் 28, ஃப்ரீசர் மைனஸ் 15, கீழறை 4.